மூக்கைப் பிடி, தாளிக்கப் போறேன்

பொருக்குக் கட்டிய புண்ணின் ஓரத்தில் சித்திரை மாதத்து மத்தியான வேளையில் ஓர் அரிப்பு கிளம்பும் பாருங்கள், அந்தச் சுகத்துக்கு ஈடாக ஒன்றை அதற்குப் பிறகு எந்த வயதிலும் நான் அனுபவித்ததில்லை. சொறியக் கூடாது என்பது பெரியவர்கள் போட்ட சட்டம். சொறியாமல் இருக்க முடியாது என்பது உடம்பு போட்ட சட்டம். இரண்டுக்கும் நடுவே, புண்ணைச் சுற்றி விரல் நுனியால் வட்டம் போடுவது, வாயைக் குவித்து ஊதுவது, பொருக்கின் விளிம்பை நகத்தால் துளி தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் அறியாதவன் போல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்காருவது என்று, பிடிபடாமல் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. அவற்றில் நான் தேர்ந்தவன்.

என் இடது காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, பூரான் ஒன்று ஊர்ந்து போகிற வழியில் களைத்துப் படுத்துவிட்டதைப் போல ஒரு தழும்பு இருக்கிறது. அதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லி வைத்திருக்கிறேன். மனைவிக்குச் சொன்னது மாடு முட்டியது என்று. மகள் சின்னவளாக இருந்தபோது அது கரடி. ஆபீசில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கு, கல்லூரிக் காலத்துப் போராட்டத்தில் வாங்கிய லத்தியடி. உண்மை இவ்வளவு கம்பீரமானதல்ல. டவுசர் கிழிந்ததில் தொடங்கியது அது.

அப்பா மஞ்சள் காமாலையில் போன பிறகு, அவர் வேலை பார்த்த ஆபீசிலேயே அம்மாவுக்கு வாரிசு வேலை கொடுத்தார்கள். ஆபீஸ் புதுக்கோட்டையில், எங்கள் குடித்தனம் திருமயத்தில், கோட்டைக்குப் பின்பக்கம் ஒரு லைன் வீட்டில். நீளமான ஒரே ஓட்டுக்கூரை, அதன் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் சுவர் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி, அதற்கு மேல் கூரையைத் தொடுவதற்கு மனமில்லாமல் நின்றுவிடும். அந்த இடைவெளி வழியாக அடுத்த வீட்டுப் புகை, இருமல், சண்டை, சாம்பிராணி எல்லாம் வாடகை கொடுக்காமல் எங்கள் வீட்டில் வந்து தங்கிப் போகும்.

அம்மா காலை பஸ்ஸைப் பிடித்துப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். கோடை விடுமுறை. லைனில் என் வயதுப் பையன் ஒருவனும் இல்லை. தெருப் பையன்களுக்கோ ஏற்கெனவே அவர்களுக்கென்று ஒரு கூட்டம் இருந்தது, அதற்குப் புது ஆள் தேவைப்படவில்லை. லைனில் இருந்த பெண்கள் நல்லவர்கள்தான். ஆனால் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "அந்தப் புள்ளையக் கண்டு ஒண்ணும் கேட்டுறாதீங்கடி, அழுதுரப் போகுது" என்று பக்கத்து வீட்டுப் பாக்கியத்து அத்தை மற்றவர்களை எச்சரித்தது சுவருக்கு மேலாக எனக்கே கேட்டது. தகப்பன் இல்லாத பிள்ளையிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், ஒன்றும் பேசாமல் இருப்பதே மரியாதை என்று முடிவு செய்திருந்தார்கள். அதனால் காலையில் அம்மா "ராசு, கதவச் சாத்திக்க" என்று சொல்லிப் போன பிறகு, சாயங்காலம் அவள் வந்து "ராசு" என்று கூப்பிடும் வரைக்கும் என் பெயரை ஊரில் யாரும் பயன்படுத்துவதில்லை. சில நாள் நானே என்னைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டதுண்டு. "என்ன ராசு?" "ஒண்ணுமில்ல ராசு." அதற்கு மேல் பேச எங்கள் இருவரிடமும் விஷயம் இருக்காது.

இப்படி இருக்கையில்தான் ஒருநாள் தெருப் பையன்கள் கோட்டைப் பாறையில் சறுக்கு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வழுவழுவென்று சரிந்து இறங்கும் பாறை. பனைமட்டையை அடியில் போட்டு உட்கார்ந்து, மேலிருந்து கத்திக்கொண்டே வருவார்கள். எனக்கு மட்டை தர யாருமில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. மட்டை இல்லாமல் வந்தால் இன்னும் பெரிய வீரன் என்று சேர்த்துக்கொள்வார்கள் என எனக்குள் ஒரு கணக்கு. மேலே ஏறினேன், உட்கார்ந்தேன், சறுக்கினேன். பாதி வழியிலேயே டவுசரின் பின்பக்கம் தன் கடமையை முடித்துக்கொண்டு தபால்பெட்டியாகிவிட்டது. அதைக் கையால் பொத்தப் போனவன் நிலை தடுமாறி, அடியில் கூராக நின்ற கல்லில் காலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தோல் ஒரு மூடியைப் போலத் திறந்துகொண்டது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ரத்தம் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வந்தது. எனக்கு வலிக்கவில்லை, நான் செத்துப்போய்விட்டேன் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. செத்தவன் நடக்கக் கூடாதே என்று அங்கேயே படுத்துவிட்டேன். பையன்கள் ஓடிவிட்டார்கள். என்னைத் தூக்கிப்போனது அந்த வழியாகத் தன் டீக்கடைக்குத் தண்ணீர் கொண்டுபோன பாக்கியத்து அத்தையின் வீட்டுக்காரர். அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் "எங்க அம்மாகிட்டச் சொல்லிருங்க, நான் செத்துட்டேன்னு" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே போனேனாம். அவர் அந்தக் கடையை நடத்திய காலம் முழுக்க, டீ குடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தார்.

கம்பவுண்டர் தையல் போட்டார். மரத்துப்போகும் ஊசி என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. போட்டு முடித்துவிட்டு, "அழுக்குப் படாமப் பாத்துக்க. செப்டிக் ஆச்சுன்னா கால எடுத்துற வேண்டியதுதான்" என்றார், அடுப்பிலிருந்து பால் சட்டியை எடுப்பது மாதிரி. எனக்குத் தெரிந்த செப்டிக் ஒன்றுதான். லைன் வீட்டுக்குப் பின்னால் வீட்டுச் சொந்தக்காரர் கக்கூஸுக்காக அப்போது ஒரு குழி வெட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் அதை "செப்டிக்கு" என்றார்கள். என் காலுக்குள்ளும் அப்படி ஒரு குழி விழுந்து, மேலே சிமெண்டு பலகை போட்டு மூடி, காற்றுப் போக ஒரு குழாயும் வைத்துவிடுவார்கள் என்று நினைத்து அன்று முழுக்க நடுங்கினேன்.

சாயங்காலம் அம்மா வந்தாள். காலில் இருந்த கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த வருஷத்தில் அவளுக்கு இது அதிகம். அப்போதுதான் பாக்கியத்து அத்தை உள்ளே வந்து சட்டத்தை அறிவித்தாள்.

"ஏ சரசு, தையல் போட்ட புண்ணு. தாளிப்பு நெடி மூக்குல ஏறுச்சுன்னா பொங்கிரும் பாத்துக்க. எங்க அண்ணன் மகனுக்கு அப்படித்தான், மீன் பொரிச்ச வாசம் பட்டு, கட்டை வெரலு இந்தா தண்டிக்கு வீங்கிப் போச்சு."

"அதுக்கு என்னக்கா பண்றது? செவுரே மேல வரைக்கும் இல்லையே" என்றாள் அம்மா. அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது; மறுத்துப் பேசுகிற தெம்பும் அன்று கிடையாது.

"சொல்லிட்டுத் தாளிக்கிறோம். அம்புட்டுத்தானே."

அம்புட்டுத்தான். மறுநாள் காலையிலிருந்து என் வாழ்க்கை மாறிவிட்டது.

அம்மா பஸ்ஸுக்குப் போன கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய் ராசு! மூக்கப் பிடி, தாளிக்கப் போறேன்!" நான் ஈரத்துண்டை எடுத்து மூக்கை இறுக்கிக்கொண்டு, "பூக்கைப் பிடிச்சிட்டேட் அத்தை!" என்று கத்தினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டால் மகரமும் னகரமும் வெளியே வராது என்பதை வேண்டுமானால் நீங்களும் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். பாக்கியத்து அத்தை அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் கடுகு தீய்ந்துபோனது. அது அடங்குவதற்குள் அதற்கடுத்த வீட்டிலிருந்து ஒரு குரல். கடைசி வீட்டு ரோசி அக்கா பால்வாடியில் வேலை பார்த்தவள். பிள்ளைகளை நம்பக் கூடாது என்பது அவளுக்குத் தொழிலில் கிடைத்த பாடம். அவள் ஒரு பரீட்சையே வைத்தாள்.

"பிடிச்சிட்டியா? எங்க, மாமரம்னு சொல்லு."

"பாபரப்!"

"ஆங், பிடிச்சிருக்கான். போடுறேன் கடுக."

இப்படி, லைனில் எத்தனை அடுப்பு உண்டோ அத்தனை அடுப்பிலிருந்தும் என் பெயர் வந்தது. குழம்புக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, சில வீட்டில் கீரைக்கும் தனியாக. தாளிக்கிற இடைவெளியில் பேச்சும் வந்தது. "டேய் ராசு, வலிக்குதா?" "ராசு, இன்னைக்குச் சீழு வச்சிருக்கா?" "செத்துப்போனவனே, சாப்பிட்டியாடா?" அப்பா செத்ததைப் பற்றி எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு என் கால் ஒரு வசதியாக வந்து வாய்த்தது. அதைப் பற்றிச் சத்தம் போட்டுப் பேசலாம்; அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, என்ன நிறம் என்று கையைக் காட்டிக் கேட்கலாம்; அதற்கு நான் பதிலும் சொல்வேன். நானும் அடுப்படிச் சுவரோரம் பாயை நகர்த்திப் போட்டுக்கொண்டு, எந்த வீட்டில் எப்போது உலை கொதிக்கிறது, எப்போது அம்மி ஓய்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். அம்மி ஓய்ந்தால் கொஞ்ச நேரத்தில் என் பெயர் வரும்.

காலுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நான் தெரிந்துகொண்டது எவ்வளவோ பிற்பாடு. உடைந்த ரோட்டை நம் ஊரில் சரிசெய்கிற மாதிரிதான் ஏறக்குறைய. முதலில் கிடைத்ததைப் போட்டு ஓட்டையை அடைக்கிறது உடம்பு; அதுதான் பொருக்கு. பிறகு சுத்தம் செய்ய ஆட்கள் வருகிறார்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பும் சூடும் வீக்கமும் அவர்கள் வந்து இறங்கிய கூத்து. அதற்கப்புறம் புது ரத்தக்குழாய்கள், அவசரமாகப் பின்னிய நார், விளிம்பிலிருந்து உள்நோக்கி மெல்ல ஊர்ந்து வரும் புதுத் தோல். கடைசியில் ரோட்டில் ஒட்டுப் போட்ட இடம் என்றைக்கும் பழைய ரோட்டோடு சேராமல் தனியாகத் தெரிகிறதல்லவா, அதுதான் தழும்பு. ஒரே ஒரு வித்தியாசம், உடம்பு யாரும் மனுக் கொடுக்காமலே வேலையைத் தொடங்கிவிடுகிறது. நிறுத்தச் சொல்லி மனுக் கொடுத்தாலும் நிறுத்துவதில்லை. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

தையல் பிரித்த அன்று ரோசி அக்கா வந்து கட்டை விலக்கிப் பார்த்தாள். "காஞ்சுருச்சுடா. இன்னும் கொஞ்ச நாள்ல பொருக்கு உதுந்துரும். அப்புறம் மூக்கு ஒனக்கு, தொண்டைத் தண்ணி எனக்கு மிச்சம்" என்றாள் சந்தோஷமாக.

புண் ஆறிவிட்டால் கூப்பிட மாட்டார்கள். இந்த எளிய உண்மை அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

அப்போது செய்த முடிவை இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கு ஒரு மரியாதை வருகிறது. தாளிப்பு நெடி பட்டால் புண் ஆறாது என்று ஊரே சொல்கிறது. அப்படியானால் ஆறாமல் இருக்க வழி சுவருக்கு மேலாக நாள்தோறும் வந்துகொண்டிருக்கிறது, நான்தான் முட்டாள்தனமாக மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சிக்கல், கம்பவுண்டரின் குரல். அதிகமாகப் பொங்கி, செப்டிக் ஆகி, காலை எடுத்துவிட்டால் என்ன செய்வது? காலும் இருக்க வேண்டும், புண்ணும் இருக்க வேண்டும். ஆகவே மருந்துச் சீட்டு மாதிரி ஓர் அளவு வகுத்தேன். ரசத் தாளிப்பென்றால் தாராளமாக இழுக்கலாம். புளிக்குழம்பென்றால் ஒரு மூச்சோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மீன், கருவாடு என்றால் உண்மையாகவே மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மிச்சமிருந்தது குரல். மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டே மூக்கைப் பிடித்தவன் போலப் பேச வேண்டும். அதை ஒரு நாள் முழுக்கப் பழகினேன். பிறகு ரோசி அக்கா "மாமரம் சொல்லு" என்று கேட்டபோது, நெஞ்சு நிறையக் கடுகு வாசத்தை இழுத்துக்கொண்டு, "பாபரப்" என்று சுத்தமாகச் சொன்னேன். "கெட்டிக்காரப் பய" என்றாள் அவள். நான் இன்றைக்கு ஆபீசில் மேலதிகாரி முதல் மந்திரி வரைக்கும் குரல் மாற்றிப் பேசிக் காட்டிப் பெயர் வாங்குகிறேன் என்றால், அதற்கு அரங்கேற்றம் நடந்தது அந்த அடுப்படியில்தான்.

ஆனால் புண் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் கட்டை அவிழ்த்துப் பார்ப்பேன். பொருக்கு விளிம்பில் சுருங்கிக்கொண்டே வந்தது. அதன் ஓரத்தில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் வெட்கமில்லாமல் எட்டிப் பார்த்தது. பெருங்காயத்தை இழுத்தேன், வெந்தயத்தை இழுத்தேன், காய்ந்த மிளகாய் நெடியில் கண்ணில் நீர் வழிய இழுத்தேன். அரிப்புதான் கூடியது. அரித்தால் ஆறுகிறது என்று அர்த்தமாம். அதையும் ரோசி அக்காதான் சொன்னாள்.

கடைசியில் ஒருநாள் கருவாட்டுக்குத் துணிந்தேன். சுவரேறி வரும் நெடி போதாதென்று, நொண்டிக்கொண்டே பின்சந்துக்குப் போய், பாக்கியத்து அத்தையின் அடுப்படிச் சன்னல் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அத்தை வழக்கம் போலச் சுவர்ப் பக்கம் திரும்பி "டேய் ராசு! மூக்கப் பிடி!" என்றாள். பதில் சொல்ல நான் வீட்டில் இல்லை. "ராசு? ஏய் ராசு?" என்று அவள் கூப்பிடக் கூப்பிட எனக்குத் தித்திப்பாக இருந்தது. இத்தனை தடவை சேர்ந்தாற்போல அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. கருவாடு எண்ணெயில் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, உடம்பெல்லாம் மூக்காக இழுத்தேன்.

கண்ணைத் திறந்தபோது அத்தையின் முகம் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவள் திட்டவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது.

"ஏன்டா தங்கம், பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இப்படிச் சன்னல்ல வந்து மோந்துக்கிட்டு நிக்கிறியே, எம் பெத்தவனே."

உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். கருவாடு புண்ணுக்கு ஆகாதென்று மோரை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து போட்டாள். நான் அதற்குச் சற்று முன்தான் அம்மா வைத்துவிட்டுப் போன சோற்றை வழித்துத் தின்றிருந்தேன். உண்மையைச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். வேண்டாமென்றாலும் சந்தேகம் வரும். ஆகவே பட்டினி கிடந்தவனைப் போல அள்ளி அள்ளித் தின்றேன். "பாவிப் புள்ள, எம்புட்டுப் பசி பாரு" என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். தலையைத் தடவிக்கொடுத்த கைக்காக இன்னொரு கவளம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தை வந்துவிட்டாள். அவள் மனசில் கல்மிஷம் இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "சரசு, தப்பா எடுத்துக்காத. வேலைக்குப் போற பொம்பளை, அவசரத்துல வச்சிட்டுப் போறது புள்ளைக்குக் காங்கல போல. எங்க சன்னல்ல வந்து நின்னு மோந்துக்கிட்டு இருக்கான். நாளையிலருந்து நான் ஒரு கை சோறு போட்டுக்கிறேன்."

"இல்லக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றாள் அம்மா. காலிச் சட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். தன் பங்குச் சோற்றிலும் பாதியை என் தட்டில் வைத்தாள். அன்றைக்கு மூன்றாவது தடவையாக நான் சாப்பிட வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் அவள் எனக்கும் சட்டை மாட்டிவிட்டாள். "நீயும் வா ஆபீசுக்கு." நொண்டியபடி பஸ் ஏறினேன். பஸ் நமணசமுத்திரத்தைத் தாண்டியது. அம்மா வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் வச்சிட்டுப் போறது பத்தலையாடா?"

"பத்துதும்மா."

"பின்ன ஏன் அடுத்த வீட்டுச் சன்னல்ல போயி நின்ன?"

"புண்ணு ஆறக் கூடாதுன்னு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஆறக் கூடாதா? ஏன்?"

"ஆறிட்டா கூப்பிட மாட்டாங்கல்ல."

அவளுக்கு உடனே புரியவில்லை. பாபரப் கதையையும், ரசத்துக்கு எவ்வளவு குழம்புக்கு எவ்வளவு என்ற கணக்கையும் ஒன்று விடாமல் சொன்னேன். செப்டிக்கைப் பற்றியும் சொல்லி, "காலை எடுத்துருவாங்களாம்மா?" என்றும் கேட்டுக்கொண்டேன். "லூசு" என்றாள். அதற்கப்புறம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், வெயில் நேரே முகத்தில் அடித்ததால் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். மிச்ச வழி முழுக்க என் கட்டுப் போட்ட காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முறைத்ததைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை.

அந்தப் பொருக்கு உதிர்ந்தது அவளுடைய ஆபீசில், பழைய காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த அறையில், மேசைக்கடியில் நான் உட்கார்ந்திருந்தபோது. காலைப் பார்த்தேன், இல்லை. தரையில் தேடினேன், அங்கேயும் இல்லை. எறும்பு தூக்கிப் போயிருக்கும். அதன் இடத்தில் பளபளவென்று, என்னுடையதே அல்லாதது போல ஒரு தோல்.

ரோசி அக்கா அதை வந்து பார்த்துவிட்டு லைன் முழுக்கக் கேட்கும்படி, "ஆறிருச்சு! இனிமே அவங்கவங்க இஷ்டத்துக்குத் தாளிச்சுக்கங்க!" என்று அறிவித்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அம்மா துணி துவைக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். நான் சுவரோரத்துப் பாயில் கிடந்தேன். அந்தப் பக்கம் அம்மி ஓய்ந்தது. எண்ணெய் காய்ந்தது. கடுகு சடசடவென்று வெடித்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நெடி சுவரேறி வந்து, என்னைத் தாண்டி, ஓட்டிடுக்கு வழியாகத் தன்பாட்டுக்கு வெளியே போனது. அதற்கடுத்த வீட்டிலும் வெடித்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், பழக்கத்தில்.

அன்று மத்தியானம் அம்மா சமைத்தாள். எங்கள் வீடு ஒற்றை அறை. அடுப்படி என்பது அதன் ஒரு மூலை. நான் அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கரண்டியில் எண்ணெயைக் காய வைத்தாள். பிறகு, அடுத்த தெருவில் இருப்பவனைக் கூப்பிடுவது போல மோட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய் ராசு! மூக்கப் பிடி, தாளிக்கப் போறேன்!"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கடுகை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பிடிச்சிட்டேட்பா" என்றேன்.

"எங்க, மாமரம் சொல்லு."

அந்த வீட்டிலும் அதற்கப்புறம் குடிபோன வீடுகளிலும் அவள் இதை விடவில்லை. எனக்கு மீசை அரும்பிய பிறகும், நான் பதில் சொல்வதை நிறுத்திய பிறகும், அவள்பாட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் கடுகைப் போடுவாள். கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் நண்பன் ஒருவனைச் சாப்பிட அழைத்து வந்திருந்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஏம்மா மானத்த வாங்குற" என்றேன் நான். "மறந்துட்டேன்டா" என்றாள். அதற்குப் பிறகு அவள் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் கடுகு பேசாமல் வெடிக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

அம்மா போய்ச் சில வருஷங்களாகின்றன. லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது வரிசையாகக் கடைகள். அவற்றுக்கு நடுவில் இருக்கும் சுவர்கள் கூரை வரைக்கும் ஒழுங்காகப் போகின்றன. ரோசி அக்காவும் பாக்கியத்து அத்தையும் எங்கே இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. நான் புதுக்கோட்டையில் ஓர் அடுக்கு வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் அடுப்புக்கு மேல் புகையுறிஞ்சி மாட்டியிருக்கிறார்கள், அவர்கள் தாளிக்கிறார்களா என்பதே வெளியே தெரிவதில்லை. மனைவி மகளின் பிரசவத்துக்காக ஓசூர் போயிருக்கிறாள். எனக்குச் சர்க்கரை. செருப்புக்குள் கிடந்த பொடிக்கல் ஒன்றை ஒரு நாள் முழுக்க மிதித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன், உணர்ச்சி தெரியவில்லை. வலது பாதத்தின் அடியில் புண். மனைவியிடம் போனில் கொப்புளம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கட்டுப் போடப் போகும் இடத்தில் செவிலியர் ஒரு சின்னப் பெண். இடது காலில் இருக்கும் பூரான் தழும்பைப் பார்த்துவிட்டு, "இது சீக்கிரம் ஆறிருச்சா சார்?" என்று கேட்டது. ஆறாதே ஆறாதே என்று நான் அவ்வளவு பாடுபட்டும் ஆறிய புண் அது. ஆறு ஆறு என்று கையெடுத்துக் கும்பிட்டும் ஆறாமல் கிடக்கிற புண் இது. இதை அந்தப் பெண்ணிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? "ஆறிருச்சும்மா" என்றேன்.

"பாதத்த நீங்களே பாக்க முடியாது சார். வீட்டுல யாரையாவது தினமும் பாக்கச் சொல்லுங்க. செவப்பு, வீக்கம் இருந்தா ஒடனே வரணும்."

சரி என்று வந்துவிட்டேன். அன்றிலிருந்து காலையில் பல் தேய்த்ததும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, சவரக் கண்ணாடியைக் கீழே சாய்த்து வைத்து, காலை அதற்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். இந்தத் தொந்தியோடு அது லேசான காரியமல்ல. முதல் நாள் மல்லாந்து விழுந்தேன். விழுந்தவன் அப்படியே கிடந்து, இனி காலோடு தலையும் போயிற்று என்று முடிவு கட்டி, யாருக்கு முதலில் போன் செய்வது என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் உடனே ஞாபகத்துக்கு வரவில்லை என்பதால் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த தடவை கட்டு மாற்றப் போனபோது அந்தப் பெண் மறக்காமல் கேட்டது.

"வீட்டுல யாரு சார் பாக்குறா?"

"ஆளு இருக்கும்மா" என்றேன். "மீசை நரைச்ச ஆளு. காலையில தவறாம வந்து பாக்குறாரு."

"நல்லது. என்ன சொல்றாரு?"

"செவப்பு கொறஞ்சிருக்காம்."